இரண்டாவது ஒத்தடம்

நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் முழங்காலைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒருத்திக்கு வலது கால், ஒருத்திக்கு இடது கால், ஒருத்திக்கு இரண்டும். போன வாரம் உங்களில் ஒருத்தி, "கல்லுப்ப வறுத்துத் துணியில முடிஞ்சு ஒத்தடம் குடுங்கடி, ஒரே வாரத்துல ஓடிரலாம்" என்று குரல் பதிவு போட்டிருந்தாள். கீழே எல்லாரும் வரிசையாகக் கைகூப்பியிருந்தீர்கள். நான் மட்டும் எதுவும் போடவில்லை. கோபமாடி என்று தனியாகக் கேட்டாள். கோபமெல்லாம் இல்லை. எனக்கும் உப்பு ஒத்தடத்துக்கும் ஒரு பழைய விவகாரம் இருக்கிறது. பேசிச் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. பொங்கல் லீவு முடிந்து நான் இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? வந்தபோது, அம்மா கீழே விழுந்துவிட்டாள் என்று மட்டும் உங்களிடம் சொன்னேன். அதற்கு மேல் எனக்கே தெரியாது.

மாட்டுப் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சமயநல்லூர் தாண்டி உள்ளே போனால் அவள் ஊர். வயல், மாடு, கிணறு எல்லாம் உண்டு. என்னையும் தம்பியையும் அங்கேயே விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மொபெட்டில் மதுரைக்குக் கிளம்பினார்கள். அம்மா கட்டியிருந்தது பொங்கல் சேலை, மடிப்புக் கலையாத அரக்குச் சேலை. வழியில் முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அம்மா மல்லாந்து விழுந்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "எந்திரி" என்றாராம் அப்பா. "எந்திரிக்கிறேன்" என்றாளாம் அம்மா. ஆனால் எழுந்திருக்கவில்லை. ரோட்டில் போனவர்கள் நாலு பேர் ஓடி வந்து, ஆளுக்கொரு கையும் காலும் பிடித்துத் தூக்கி ஒரு ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தார்கள். முதுகெலும்பு ஒடிந்தவரை அப்படித் தூக்கக் கூடாது என்று இப்போது போனிலேயே படம் போட்டுக் காட்டுகிறார்கள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? அவர்கள் நல்ல மனசோடு செய்ததுதான்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து மாசி மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, நடக்க வைப்பது கஷ்டம், ஆனால் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே மூன்று மாதம் இருந்தால் தானே உட்காரவும், சக்கர நாற்காலிக்கு மாறவும், வீட்டு வேலை செய்யவும் பழக்கிவிடுவார்கள் என்று சொன்னார். சித்திரையில் ஒரு படுக்கை காலியாகும். ஒரே ஒரு நிபந்தனை: உடம்பில் எங்கேயும் புண் இருக்கக் கூடாது.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஒரு கெடு வைத்தார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவின் காதில் விழும்படியே சொன்னார்: "மாப்ள, தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இவ தன் காரியத்தத் தானே பாத்துக்குற மாதிரி ஆகலன்னா, நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். பிள்ளைக ரெண்டும் உங்க அக்கா வீட்டுல வளரட்டும். நீங்க கடைக்கும் போயி, இம்புட்டையும் ஒத்த ஆளா எப்படிச் சமாளிப்பீக?"

உள்ளேயிருந்து அம்மாதான், "என் வீட்டை விட்டு நான் வரலண்ணே" என்றாள். நானும் தம்பியும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். தீபாவளி வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு வருஷம்தான்.

செல்லூரில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் விசைத்தறி. காலையில் தறி ஓட ஆரம்பித்தால் சுவரில் காலண்டர் ஆடும். நாங்கள் கத்திக் கத்தித்தான் பேசுவோம். முதல் தடவை வந்தவர்கள் வீட்டில் சண்டை நடக்கிறது என்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள். கரண்ட் போனால் தறி நின்று தெருவே வாயை மூடிக்கொள்ளும். அப்போது பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்குவதுகூடக் கேட்கும்.

அம்மாவின் கட்டிலை முன்கூடத்தில் போட்டு, பீரோவை அதற்கு எதிரே சுவரோரமாக நகர்த்தி வைத்தார் அப்பா. அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் பீரோக் கண்ணாடியில் கட்டிலும், வாசலும், தெருவில் போகிறவர்களும் தெரிவார்கள். சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டார். இடது, மல்லாக்க, வலது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். திருப்பியவர் கட்டத்தில் ஒரு கோடு போட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் முறை. தம்பிக்கு ஆறு வயது, முழங்காலுக்கு நடுவில் தலையணை வைப்பது அவன் வேலை. தலையணைக்கும் கட்டம் வேண்டும் என்று அவன் அழுததால் அவனுக்கென்று ஓரமாகத் தனிக் கட்டம் போட வேண்டியதாயிற்று.

எறும்புதான் பெரிய எதிரி. அப்பா சிம்மக்கல்லில் ஒரு வெல்ல மண்டியில் வேலை பார்த்தார். அவர் சட்டையில், விரலிடுக்கில், தலைமுடியில்கூட வெல்ல வாசம் இருக்கும். எறும்பு ஏறிக் கடித்தாலும் அம்மாவுக்குத் தெரியாது என்பதால் குளித்து உடுப்பு மாற்றாமல் அப்பா கட்டில் பக்கம் வரக் கூடாது. கட்டில் கால் நாலுக்கும் கீழே தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர். அதைக் கவனித்துக்கொண்டது அத்தை.

அத்தை மாட்டையும் வயலையும் மாமனிடம், அதாவது தன் புருஷனிடம், விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். அத்தை வைக்கிற ரசத்தை அம்மா சுடுதண்ணி என்பாள். அம்மா வைக்கிற குழம்பை அத்தை கஷாயம் என்பாள். இப்போது அந்த அத்தைதான் அம்மாவைக் குளிப்பாட்டி, துடைத்து, பின்னல் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். தலை வாரும்போது அத்தை இழுக்கிற இழுப்பில் மட்டும் கொஞ்சம் பழைய பகை தெரியும்.

அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் உப்பு ஒத்தடம். இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டு அது படபடவென்று வெடிக்கிறவரை வறுப்பாள். பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, அந்த முடிச்சைத் தன் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடி, "மீனாச்சி, மீனாச்சி, மீனாச்சி" என்று மூன்று தடவை சொல்வாள். அதற்குப் பிறகுதான் அம்மாவின் காலில் வைப்பாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். சாமியை வேண்டிக்கொண்டு வைத்தால்தான் பலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்த ஒரு காலை, அத்தை அப்படி ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு மாதமாக மரக்கட்டையாகக் கிடந்த அம்மாவின் வலது கால் வெடுக்கென்று துள்ளியது. அத்தை முடிச்சைக் கீழே போட்டுவிட்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி துள்ளியது. அத்தை தெருவுக்கு ஓடி, தறிச் சத்தத்தையும் மீறி, "கால் வந்துருச்சு! எங்க பிள்ளைக்குக் கால் வந்துருச்சு!" என்று கத்தினாள். தறியில் நின்ற பெண்கள் அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. எல்லார் முன்னாலும் கால் இன்னொரு தடவை துள்ளியதும் ஒருத்தி குலவை போட்டாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அம்மா கண்ணாடியில் தன் காலைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். பொங்கலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள் எக்சர்சைஸ் அக்கா வருவார், அம்மாவின் காலை மடக்கி நீட்டிவிட. சேதியைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அது நீங்க ஆட்டுறது இல்ல. மூளையிலருந்து காலுக்குச் சேதி போற வழி அறுந்து போச்சு. கால் தன்னால துள்ளுது. இந்த மாதிரி அடிபட்டவங்க நெறையப் பேருக்கு இப்படி வரும்."

"நான் ஆட்டலன்னா யாரு ஆட்டுறா?" என்றாள் அம்மா.

அந்த அக்கா கிளம்பும்போது அத்தையிடம், "சூடு மட்டும் வைக்காதீங்க. சுட்டாலும் அவங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் தெருமுனை தாண்டியதும் அத்தை, "சின்னப் பிள்ள, அவளுக்கு என்னா தெரியும்? உணர்ச்சி இல்லாமலா கால் ஆடுது?" என்றாள். அப்பாவும் தலையாட்டினார். வீட்டில் எல்லாருக்கும் அத்தை சொன்னதை நம்பத்தான் பிடித்திருந்தது. அம்மா மட்டும் அன்றிலிருந்து கண்ணாடியைப் பார்ப்பதில்லை. சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

அவளைப் பார்க்க வைக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. ஒரு சனிக்கிழமை, தெருவில் கரண்ட் இல்லை. அத்தை காலையில் ஒத்தடம் கொடுத்தும் கால் ஆடவில்லை. நாலு மணி வாக்கில் அவள் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போனாள், தம்பியும் கூடப் போனான். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குப் போய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, சட்டியில் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டேன். உப்பு வெடிக்க ஆரம்பித்தது. அம்மா விழித்துவிடுவாளோ என்று எட்டிப் பார்த்தேன். அசையவில்லை. துணியில் கொட்டி முடிந்தேன். சூடு தாங்காமல் முடிச்சின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, கண்ணை மூடி "மீனாச்சி, மீனாச்சி, மீனாச்சி" என்று பக்தியோடு சொன்னேன். கன்னத்தில் வைக்கவில்லை. கன்னம் தாங்குகிற சூடுதானா என்று வைத்துப் பார்ப்பதுதான் விஷயமென்று எனக்குத் தெரியாது. அம்மாவின் கெண்டைக்காலில் வைத்தேன்.

கால் துள்ளியது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் கண்ணாடியைப் பார்த்தேன். அம்மாவின் கண் மூடியே இருந்தது. அவள் விழிக்கிறவரை ஆடிக்கொண்டிருக்கட்டும் என்று முடிச்சை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. வாசலில் அத்தையின் குரல் கேட்டதும் ஓடிப் போய் முடிச்சைத் தண்ணீர் வாளிக்குள் போட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து, குளித்துவிட்டு, அம்மாவைத் திருப்பியபோதுதான் பார்த்தார். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். தோல் உரிந்து ஒட்டியிருந்தது. அப்பா தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினார்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்க? புண்ணு இருந்தா சேத்துக்க மாட்டாகன்னு எத்தன தடவ சொன்னேன்? உன் வைத்தியத்த உன் ஊரோட வச்சுக்கக் கூடாதா?"

அத்தை அடுப்படிக்குள் போனாள். வாளித் தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, அப்பாவைப் பார்க்காமல், "காலையில குடுத்தது சூடு கூடிப் போச்சு போலப்பா" என்றாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அத்தையே தன் மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் அத்தை மஞ்சப் பையில் சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். படியில் கால் வைத்த பிறகு திரும்பி, "சிரட்டையில தண்ணி வத்தாமப் பாத்துக்க. எறும்பு ஏறிரப் போகுது. வாரேன்" என்றாள்.

சித்திரையில் காலியான படுக்கை வேறு யாருக்கோ போய்விட்டது. புண் ஆறட்டும், ஆடியில் பார்க்கலாம் என்று வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. ஆடியிலிருந்து தீபாவளிக்கு மூன்றே மாதம். மாமா வந்து புண்ணைப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். அப்பா கடைக்குப் பாதி நாள்தான் போனார்.

பத்து நாள் கழித்து அம்மா ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி வரச் சொன்னாள். படுத்தபடி பேனா எழுதாததால் பென்சிலால் எழுதினாள். தானே நாக்கில் தொட்டு ஒட்டி, அத்தையின் விலாசம் எழுதி, "போயி பெட்டியில போட்டுட்டு வா" என்றாள். போட்டுவிட்டு வந்தேன். நாலாம் நாள் அத்தை மஞ்சப் பையோடு வாசலில் நின்றாள். அப்பா, "வாக்கா" என்றார், அவ்வளவுதான். அத்தை நேராகக் கட்டிலுக்குப் போய்க் குனிந்து நாலு சிரட்டையிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தாள். அம்மா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். இந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

ஆடியில் அத்தைதான் அம்மாவுக்குத் துணையாக வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து வந்த கடிதம் ஒன்றில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: "இன்று யாரும் தொடாமல் நானே திரும்பிப் படுத்தேன்." அப்பா அதை மூன்று தடவை படித்துவிட்டு, ஈரத்துணியால் சுவரில் இருந்த கட்டத்தைத் துடைத்தார். தம்பி தன் தலையணைக் கட்டத்தை மட்டும் துடைக்க விடவில்லை.

ஐப்பசியில் திரும்பி வந்தபோது அம்மாவின் தோளும் கையும் ஆண்பிள்ளைக்கு இருப்பதுபோல உருண்டிருந்தன. கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவில் பாலம் மாதிரி ஒரு வழுவழுப்பான பலகை வேண்டும், அதில் உட்கார்ந்து கையை ஊன்றி நகர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா மரக்கடைக்குக் கிளம்பியபோது அத்தை, "இரு" என்று ஊருக்குப் போய்விட்டு மறுநாள் ஒரு பலகையோடு வந்தாள். கீழ்க்கட்டைகளைப் பெயர்த்து, இழைத்து, மெழுகு தேய்த்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் செந்தூரச் சாயம் மிச்சமிருந்தது.

"அக்கா, இது எங்க கல்யாண மணையில்ல?" என்றார் அப்பா. மணமக்கள் உட்கார்ந்த பலகையை இழைப்பது எங்கள் பக்கம் யாரும் செய்யாத காரியம்.

"உக்காரத்தானப்பா மணை. உக்காரட்டும்" என்றாள் அத்தை.

தீபாவளிக்கு முதல் நாள் மாமா கார் வைத்துக்கொண்டு வந்தார், அம்மாவை அழைத்துப் போக. கட்டில் காலியாக இருந்தது. அப்பா அடுப்படி நிலைப்படியைச் செதுக்கிச் சமமாக்கி வைத்திருந்தார். உள்ளே அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தொங்கி அமுக்க வேண்டிய அச்சை ஒரே கையால் அமுக்கினாள். அத்தை எண்ணெய்ச் சட்டி பக்கம் உட்கார்ந்து வேகவைத்து எடுத்தாள். மாமா நிலைப்படியிலேயே நின்றார். "உக்காருண்ணே, சூடா இருக்கு" என்றாள் அம்மா. அவர் ஏழு முறுக்கு சாப்பிட்டார். ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு தனியாகக் காரில் ஏறிப் போனார்.

அந்த மணை பல வருஷம் உழைத்தது. பிறகு எப்போதோ விரிந்து, வெள்ளையடித்த ஒரு சமயம் காணாமல் போனது. யார் வெளியே போட்டது என்று கேட்டால் நாங்கள் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறோம்.

நான் அத்தையிடம் உண்மையைச் சொல்லப் பார்த்தேன். என் கல்யாணத்தன்று காலில் விழுந்து எழும்போது, "அத்தை, அந்த உப்பு..." என்று ஆரம்பித்தேன். "உப்பெல்லாம் சமையக்காரன் பாத்துக்குவான், நீ போயி மணையில உக்காரு" என்று தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தை போன தை மாதம் காலமானாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். சேலை விலகி, கெண்டைக்காலில் அந்தத் தழும்பு பளபளப்பாகத் தெரிந்தது.

"அம்மா, அன்னைக்கு ரெண்டாவதா ஒரு ஒத்தடம் வச்சது நான்தான். அத்தை இல்ல."

"தெரியும்" என்றாள் அம்மா.

"அத்தைக்கு?"

"அன்னைக்கே வாளியில துணியப் பாத்துட்டாகல்ல. பின்ன நானும் எழுதுனேன், கடுதாசியில. பிள்ள மேல பழி வர விடாம உங்க மேல போட்டுக்கிட்டீகளே மதினி, திரும்பி வாங்கன்னு. நீதான கொண்டு போயி போட்ட."

"நீ தூங்கிக்கிட்டுல இருந்த?"

"தறி ஓடாத நாளுடி அது. உப்பு வெடிக்கிறது கேக்காதா?"

"பின்ன ஏம்மா வேணாம்னு சொல்லல?"

அம்மா நாற்காலிச் சக்கரத்தைத் தடவினாள். "அந்த எக்சர்சைஸ் பிள்ள சொன்னது எனக்குப் புரிஞ்சுதான் இருந்துச்சு. கால் இனி வராதுன்னு தெரியும். ஆனாலும் இன்னொரு தடவ ஆடுறதப் பாக்கணும்போல இருந்துச்சு. இம்புட்டூண்டு கண்ணத் தொறந்து கண்ணாடியிலயே பாத்துக்கிட்டு இருந்தேன். நல்லாத் தொறந்தா நீ பயந்து எடுத்துருவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் ஒருத்தியாகச் சுமந்தேன் என்று நினைத்ததை இரண்டு பொம்பளைகள் அன்றிலிருந்தே சுமந்திருக்கிறார்கள். அழுதுகொண்டே அம்மாவின் தழும்பின் மேல் கையை வைத்தேன். கை பட்டதும் கால் வெடுக்கென்று துள்ளியது.

அம்மா குனிந்து பார்த்தாள்.

"ஆடுது பாரு" என்று சிரித்தாள்.